பாத்திரமேற்புக் காணொலி விளையாட்டில் ரேஞ்சர் பாத்திர உருவாக்கம்: ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி வழி ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆடுநரே முதன்மைப் பாத்திரத்தை உருவாக்குகிறார். அவ்வுருவாக்கம் எண்களாலும் விதிகளாலும் நிகழ்கிறது. இலாரியன் ஸ்டூடியோஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் ‘ரேஞ்சர்’ என்னும் வகைப் பாத்திரம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மேசை விளையாட்டில் நிலத்தையும் பகையையும் அறிந்தவனாக இருந்த ரேஞ்சர், கணினிக்கு வரும்போது எதை இழந்தான், இழந்தது வேறு எவ்வழியில் மீள்கிறது என்பது கட்டுரையின் மையப் பொருளாகும்.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, ரேஞ்சர், பாத்திர உருவாக்கம், பால்டர்ஸ் கேட் 3, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், விதியும் கதையும்

முன்னுரை

புதினத்தில் ஒரு பாத்திரம் ஆசிரியரின் சொற்களால் உருவாகிறது. நாடகத்தில் நடிகரின் உடல் அதனுடன் சேர்கிறது. பாத்திரமேற்பு விளையாட்டிலோ கதை தொடங்குவதற்கு முன்பே, பாத்திரத்தால் என்ன இயலும், என்ன இயலாது என்பதை ஆடுநர் முடிவுசெய்துவிடுகிறார். வில்லை எத்தனை உறுதியாகப் பிடிப்பான், நஞ்சை எவ்வளவு தாங்குவான், விலங்கின் மொழி அறிவானா என்பன எல்லாம் எண்களாகவும் தெரிவுகளாகவும் குறிக்கப்படுகின்றன. இம்முறையைப் பாத்திர உருவாக்கம் என்பர்.

ரேஞ்சர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ்நாட்டில் வனத்துறை அலுவலரே நினைவுக்கு வருவார். விளையாட்டில் வரும் ரேஞ்சர் அரசு அலுவலர் அல்லர்; குடியிருப்புகளுக்கு அப்பாலுள்ள காட்டிலும் எல்லையிலும் திரிந்து, தடம் பார்த்து, தீயவை ஊருக்குள் நுழையாமல் தடுப்பவர். வேடர், எல்லைக்காவலர், வழிகாட்டி ஆகிய மூவரின் இயல்பும் அவரிடம் கலந்திருத்தலால் ஒற்றைத் தமிழ்ச்சொல்லில் அவரைச் சுட்டுதல் அரிது. ஆகவே இக்கட்டுரை ‘ரேஞ்சர்’ என்னும் சொல்லையே கையாளுகிறது.

1. ரேஞ்சர் வகையின் தோற்றம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் கதையை நடத்துவார். ஐயமான செயல்களின் விளைவைப் பகடை முடிவுசெய்யும். தொடக்கத்தில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகைகளே இருந்தன. 1975ஆம் ஆண்டு ‘தி ஸ்ட்ரடீஜிக் ரிவ்யூ’ இதழில் ஜோ ஃபிஷர் ரேஞ்சர் வகையை அறிமுகப்படுத்தினார். 1978ஆம் ஆண்டின் ஆடுநர் கையேட்டில் அது முறையான இடம்பெற்றது.

இவ்வகையின் மூலம் இலக்கியத்தில் உள்ளது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புதினத்தில் வரும் அரகார்ன், வடபுலத்து ரேஞ்சர்களின் தலைவன். ஊரார் அவனை நாடோடி என்று இகழ்ந்தாலும், அவ்வூரைக் காப்பவன் அவனே. முதற்கால ரேஞ்சருக்கு ஆர்க் போன்ற இனங்களை எதிர்த்துப் போரிடுகையில் கூடுதல் தாக்கம் உண்டு. உயர்நிலையில் தொலைவிலுள்ளதைக் காட்டும் மாயப் பொருள்களைக் கையாளும் உரிமையும் உண்டு. இவ்விரண்டும் அரகார்னின் கதையிலிருந்து விதியாக மாறியவை என்பதை எளிதில் உணரலாம்.

ஒரு தனிமனிதனின் வரலாற்றைப் பலரும் ஏற்கத்தக்க வகையாக மாற்றும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அரகார்னின் பகை யார் என்பதைக் கதை முன்பே அறிந்திருக்கிறது. ஆனால் ஆடுநர் உருவாக்கும் ரேஞ்சரின் பகை கதைக்குள் வருமா என்பது ஆடுநருக்குத் தெரியாது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் இச்சிக்கல் முற்றியது. அதன்படி ரேஞ்சர் ஒரு பகையினத்தையும் ஒரு நிலவகையையும் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்த நிலத்தில் அவனும் அவனுடைய குழுவும் வழிதவறுவதில்லை. உணவு தேடினால் இருமடங்கு கிடைக்கும். மலையைத் தெரிவுசெய்தவனின் கதை கடற்கரையில் நடந்தால் அத்திறனால் பயனில்லை. மலையிலேயே நடந்தாலோ வழிதவறுதலும் பசித்தலும் ஆகிய நிகழ்வுகளே கதையிலிருந்து மறைந்துவிடும். திறன் பயன்படாமற் போவது ஒரு குறை. பயன்படும்போது கதையைச் சுருக்கிவிடுவது மற்றொரு குறை. விதிகளை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2016ஆம் ஆண்டு திருத்திய ரேஞ்சரைச் சோதனை வடிவில் வெளியிட்டதும், 2020ஆம் ஆண்டு ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலில் மாற்று விதிகளைத் தந்ததும் இக்குறைகளைக் களையும் முயற்சிகளே.

2. விளையாட்டின் அடிப்படை இயக்கம்

‘பால்டர்ஸ் கேட் 3’ ஐந்தாம் பதிப்பின் விதிகளைத் தழுவியது. பாத்திரம் ஒன்றாம் நிலையில் தொடங்கிப் பன்னிரண்டாம் நிலை வரை வளரும். வலிமை, இலாவகம், உடலுறுதி, அறிவுத்திறன், விவேகம், கவர்ச்சி என ஆறு பண்புகள் உள்ளன. பண்பு மதிப்பு 10 எனில் கூடுதல் ஏதுமில்லை. அதற்குமேல் ஒவ்வோர் இரண்டு எண்ணுக்கும் 1 கூடும். எடுத்துக்காட்டாக, 16, 17 ஆகிய இரண்டுமே 3 என்னும் கூடுதலைத் தரும். 18 ஆனால் 4 கிடைக்கும்.

அம்பெய்யும்போது 20 முகப் பகடை உருட்டப்படுகிறது. அதில் விழுந்த எண்ணுடன் பண்புக் கூடுதலும் தேர்ச்சிக் கூடுதலும் சேர்க்கப்படும். அத்தொகை எதிரியின் கவச மதிப்பை எட்டினால் அம்பு தைக்கும். பின்னர் ஆயுதத்திற்குரிய பகடை சேதத்தின் அளவைக் காட்டும். மேசையில் கையால் உருட்டிய பகடையைக் கணினி உருட்டுகிறது என்பதே இங்குள்ள வேறுபாடு.

3. பண்புகளைப் பங்கிடுதல்

ஆறு பண்புகளும் 8 என்னும் மதிப்பில் தொடங்குகின்றன. அவற்றை உயர்த்த 27 புள்ளிகள் தரப்படுகின்றன. 13 வரை ஒவ்வோர் உயர்வுக்கும் ஒரு புள்ளியும், 14, 15 ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு புள்ளிகளும் செலவாகும். ஆகவே 15ஐ எட்ட 9 புள்ளிகள் வேண்டும். இதற்குப் புறம்பாக ஒரு பண்புக்கு 2, வேறொன்றுக்கு 1 என உயர்வு கிடைக்கும்.

வில்லேந்தும் ரேஞ்சருக்கு இலாவகம் முதன்மையானது. குறியும் சேதமும் அதைச் சார்ந்தவை. உடலுறுதி உயிர்ப்புள்ளிகளைத் தருகிறது. விவேகம் அவனுடைய மந்திரங்களுக்கும், தடமறிதல், விலங்கைக் கையாளுதல், கூர்ந்து நோக்குதல் ஆகிய திறன்களுக்கும் அடிப்படை. இலாவகம் 15, உடலுறுதி 15, விவேகம் 14, கவர்ச்சி 10, ஏனைய இரண்டும் 8 எனப் பங்கிட்டால் 27 புள்ளிகளும் சரியாகத் தீரும். கூடுதல் உயர்வுகளைச் சேர்த்தால் இலாவகம் 17, உடலுறுதி 16 ஆகும். ரேஞ்சருக்கு முதல் நிலையில் 10, பின்வரும் நிலைகளில் 6 என உயிர்ப்புள்ளிகளும், ஒவ்வொரு நிலையிலும் உடலுறுதிக் கூடுதலும் கிடைக்கும். இப்பங்கீட்டின்படி முதல் நிலையில் 13, பன்னிரண்டாம் நிலையில் 112 உயிர்ப்புள்ளிகள் வருகின்றன.

இப்பங்கீட்டில் வலிமையும் அறிவுத்திறனும் கைவிடப்படுகின்றன. எல்லாம் வல்லவனை இந்த 27 புள்ளிகளால் உருவாக்க இயலாது. எதில் குறைவுபட்டவன் என்பதைச் சொல்லாமல் எதில் சிறந்தவன் என்பதைச் சொல்ல முடியாத நிலையை விதி உண்டாக்குகிறது. பாத்திரத்தின் தனித்தன்மை அக்குறையிலிருந்தே தொடங்குகிறது.

4. பகையும் நிலமும்: பொருள் மாற்றம்

முன்னர்க் குறித்த சிக்கலை இலாரியன் நிறுவனம் தீர்த்த முறை குறிப்பிடத்தக்கது. கணினி விளையாட்டின் நிலப்பரப்பு முன்பே வரையப்பட்டது. அதில் வழிதவறுதல் என்னும் விதிமுறையோ நாள்கணக்கான பயணமோ இல்லை. ஆகவே மேசை விளையாட்டின் நிலவகைத் திறன் இங்குப் பொருளற்றதாகிவிடும். அதற்கு மாறாக மூவகைத் தெரிவுகள் தரப்படுகின்றன. ‘பீஸ்ட் டேமர்’ என்பதைக் கொண்டால் சிறு விலங்கு ஒன்றைத் துணைக்கு அழைக்கலாம். ‘அர்பன் டிராக்கர்’ என்பது கைத்திறத்தில் தேர்ச்சி தருவது. பூட்டைத் திறக்க உதவும். ‘வேஸ்ட்லாண்ட் வாண்டரர்’ என்பது குளிர், தீ, நஞ்சு ஆகியவற்றுள் ஒன்றன் சேதத்தைப் பாதியாகக் குறைக்கும்.

பகைத் தெரிவும் இவ்வாறே மாறுகிறது. ‘பவுண்டி ஹண்டர்’, ‘கீப்பர் ஆஃப் தி வெயில்’, ‘மேஜ் பிரேக்கர்’, ‘ரேஞ்சர் நைட்’, ‘சாங்டிஃபைடு ஸ்டாக்கர்’ என ஐந்து தெரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு திறனில் தேர்ச்சியையும் ஒரு தனிப்பயனையும் தருகிறது. ரேஞ்சர் நைட் என்பதைக் கொண்டால் கனத்த கவசம் அணியலாம். ஆயினும் கனத்த கவசத்தில் இலாவகக் கூடுதல் சேராது. எனவே அது வலிமையை நம்பும் ரேஞ்சருக்கே பெரிதும் பொருந்தும்.

இத்தெரிவுகளின் தலைப்பு ‘விருப்பப் பகை’ என்றே இருக்கிறது. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் குறிப்பிட்ட ஓர் இனத்தைப் பகையாகச் சுட்டவில்லை. முன்பு ரேஞ்சர் யாரை அறிந்தவன் என்பதைக் கூறிய இடம், இப்போது அவன் எத்தகையவன் என்பதைக் கூறுகிறது. நிபந்தனைக்குட்பட்ட அறிவு நிலையான உடைமையாகிவிட்டது. ஆடுநருக்கு இதனால் நன்மையே. எந்தத் தெரிவும் வீணாவதில்லை. ஆயினும் ரேஞ்சரைப் பிற போராளிகளிடமிருந்து வேறுபடுத்திய நிலமறிவு பாத்திரக் குறிப்பிலிருந்து பெருமளவு நீங்கிவிடுகிறது. இது விதியின் வெற்றி, பாத்திரத்தின் இழப்பு.

5. உட்பிரிவுகள்

இரண்டாம் நிலையில் ரேஞ்சர் ஒரு போர்முறையைத் தெரிவுசெய்கிறான். வில்லாளிக்கு ‘ஆர்ச்சரி’ பொருந்தும். அது தொலைத்தாக்குதலின் குறிக்கு 2 கூட்டும். அதே நிலையில் மந்திரங்களும் கிடைக்கும். அவற்றுள் ‘ஹண்டர்ஸ் மார்க்’ என்பது குறிக்கப்பட்ட எதிரியின்மீது தைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடையளவு சேதத்தைக் கூட்டும். அது நிலைக்க மனஒருமை வேண்டும். ஆகவே மனஒருமை வேண்டும் வேறு மந்திரத்தை உடன் நிகழ்த்த இயலாது.

மூன்றாம் நிலையில் உட்பிரிவு அமைகிறது. ‘ஹண்டர்’ போர்த்திறனை முதன்மையாகக் கொண்டது; முன்பே காயமுற்ற எதிரிக்குக் கூடுதல் சேதம் விளைத்தல் அதன் தெரிவுகளுள் ஒன்று. ‘பீஸ்ட் மாஸ்டர்’ கரடி, ஓநாய், காட்டுப்பன்றி முதலியவற்றுள் ஒன்றைத் தோழமையாகக் கொள்வது. 2014ஆம் ஆண்டின் மேசை விதியில் விலங்கைத் தாக்கச் செய்ய ரேஞ்சர் தன் செயலைச் செலவிட வேண்டும். கணினி வடிவில் விலங்குக்குத் தனி முறை உண்டு. ‘குளூம் ஸ்டாக்கர்’ இருளில் பதுங்கி முதலடி கொடுப்பது. 2025ஆம் ஆண்டு வெளியான எட்டாம் திருத்தத்தில் ‘ஸ்வார்ம்கீப்பர்’ என்பதும் சேர்க்கப்பட்டது.

இவற்றுள் குளூம் ஸ்டாக்கர் ஆடுநரிடையே பெரிதும் விரும்பப்படுவதற்கு விதியிலேயே காரணம் உண்டு. அவ்வுட்பிரிவு போரின் முதல் முறையில் ஒரு கூடுதல் தாக்குதலையும், யார் முந்துவது என்பதைத் தீர்மானிக்கும் உருட்டலில் 3 என்னும் கூடுதலையும் தருகிறது. மேசை விளையாட்டில் அவ்வுருட்டல் 20 முகப் பகடையால் நிகழ்வது. அங்கு 3 என்பது சிறிய உதவியே. ‘பால்டர்ஸ் கேட் 3’இல் அதற்கு நான்கு முகப் பகடை பயன்படுகிறது. சமமான பிற கூடுதல்கள் உடைய இருவருள் குளூம் ஸ்டாக்கருக்குக் குறைந்தது 4 விழும். மற்றவருக்கு அதிகம் போனால் 4 விழும். ஆகவே அவன் முந்துவான், அல்லது சமன்செய்வான், பின்தங்க வழியில்லை. ஒரு பகடையின் முகங்கள் குறைந்ததால் ஓர் உட்பிரிவின் மதிப்பே மாறிவிடுகிறது. ஊடகம் மாறும்போது விதியின் சொல் மாறாவிடினும் பொருள் மாறும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

6. குறியும் சேதமும்: ஒரு கணக்கு

நான்காம் நிலையில் ஆடுநர் ஒரு சிறப்புத்திறனைப் பெறுகிறார். வில்லாளிக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இலாவகத்தை 17இலிருந்து 18ஆக உயர்த்திக்கொண்டு மற்றொரு பண்பிலும் ஒன்றைக் கூட்டுதல். மற்றொன்று, ‘ஷார்ப்ஷூட்டர்’ என்னும் திறனைக் கொள்ளுதல். பின்னது குறியில் 5ஐக் குறைத்துச் சேதத்தில் 10ஐக் கூட்டுகிறது. வேண்டாதபோது அதை நிறுத்தியும் வைக்கலாம்.

ஐந்தாம் நிலையை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சிக் கூடுதல் 3. ஆர்ச்சரி தரும் கூடுதல் 2. நெடுவில்லின் எட்டுமுகப் பகடையின் சராசரி 4.5, ஹண்டர்ஸ் மார்க்கின் சராசரி 3.5. முதல் வழியில் குறிக் கூடுதல் 9, தைத்தால் சராசரிச் சேதம் 12. இரண்டாம் வழியில் குறிக் கூடுதல் 3, தைத்தால் சராசரிச் சேதம் 21. இருமடங்குச் சேதம் தரும் அரிய உருட்டல்களை ஒதுக்கிவிட்டு நோக்கினால் பின்வரும் நிலை தெரிகிறது.

எதிரியின் கவச மதிப்பு 15 எனில், முதல் வழியில் தைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. ஓர் அம்புக்கு எதிர்பார்க்கத்தக்க சேதம் 9. இரண்டாம் வழியில் வாய்ப்பு 45 விழுக்காடாகக் குறைந்தாலும் சேதம் 9.45 ஆகிறது. கவச மதிப்பு 16 எனில் இரண்டு வழிகளிலும் 8.4 என்றே வருகிறது. 17 எனில் முதல் வழி 7.8, இரண்டாம் வழி 7.35. ஆகவே 16 என்பதே எல்லை. அதற்குக் கீழ் ஷார்ப்ஷூட்டரும், மேல் பண்புயர்வும் சிறக்கின்றன.

இக்கணக்கு வெறும் எண் விளையாட்டன்று. இவ்விளையாட்டில் உயரமான இடத்திலிருந்து எய்பவருக்குக் குறியில் 2 கூடும். தாழ்விடத்திலிருந்து எய்பவருக்கு 2 குறையும். மேட்டில் ஏறி நின்றால் எல்லை 16இலிருந்து 18ஆக உயர்கிறது. ஷார்ப்ஷூட்டர் கொண்டவருக்குத் தாழ்விடக் குறைவு நீங்குவதும் உண்டு. ஆகவே எந்தத் திறன் சிறந்தது என்னும் வினாவுக்கு விடை, ரேஞ்சர் எங்கு நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. பாத்திரக் குறிப்பிலிருந்து நீங்கிய நிலமறிவு, ஆடுநரின் கண்ணுக்கு இடம்பெயர்ந்துள்ளது. போர் தொடங்கும் முன் பாறையையும் மாடத்தையும் ஏணியையும் நோக்கிப் பழகிய ஆடுநரே இப்போது தடமறிந்தவர். அவ்வறிவு பாத்திரத்துக்கு எழுதித் தரப்படுவதில்லை. ஆடுநர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

7. எண்ணில் தோன்றாதவை

சேதக் கணக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விவேகத்துக்கு 14 தருவது மிகையாகத் தோன்றும். ஐந்தாம் நிலைக்குப் பின் வேறு வகைகளின் நிலைகளைக் கலந்துகொள்வதும் ஆடுநரிடையே வழக்கம். மேசை விதியில் இதற்குரிய பண்புத் தகுதிகள் இவ்விளையாட்டில் நீக்கப்பட்டுள்ளன. இவ்வாறு உருவாகும் பாத்திரம் போரில் வலியது. ஆயினும் ரேஞ்சரின் மந்திரப் பட்டியலில் ‘ஸ்பீக் வித் அனிமல்ஸ்’ என்பது உண்டு. அதற்குச் சேதம் சுழி. அதைக் கொண்டவர் நாய், பறவை, எருது முதலியவற்றோடு உரையாடலாம். கதையின் தொடக்கப் பகுதியில், இறந்துபோன எசமானனின் உடலருகே ஸ்கிராட்ச் என்னும் நாய் காத்திருக்கிறது. எசமானன் இனி எழமாட்டான் என்பதை அது இன்னும் உணரவில்லை. அம்மந்திரம் உடையவர் அந்நாயோடு பேசலாம். விலங்கைக் கையாளும் திறனும் விவேகத்தையே சார்ந்தது. சேதக் கணக்கில் வீணெனத் தோன்றிய புள்ளிகள், எல்லையில் வாழ்பவனின் இயல்பை இத்தகைய இடங்களில் வெளிப்படுத்துகின்றன.

மற்றொன்றும் கருதத்தக்கது. முகாமிலுள்ள விதர்ஸ் என்னும் பாத்திரத்திடம் 100 பொற்காசுகள் கொடுத்தால் வகை, பண்பு மதிப்பு, உட்பிரிவு ஆகிய அனைத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ரேஞ்சரை மறுநாளே மந்திரவாதியாக்கலாம். ஆனால் இனத்தையும் வாழ்க்கைப் பின்புலத்தையும் மாற்ற இயலாது. கதையில் செய்த செயல்களையும் மாற்ற இயலாது. ஒரே ஒரு சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் ‘ஹானர்’ முறையில் இவ்விறுதிநிலை இன்னும் கடுமையாகிறது. திறன் மாறத்தக்கது, பிறப்பும் செயலும் மாறாதவை என்னும் பகுப்பை விதியே வகுத்துவிடுகிறது. ஆகவே எண்களைத் தவறாகத் தெரிவுசெய்துவிடுவோமோ என்னும் அச்சம் ஆடுநருக்கு வேண்டுவதில்லை. அஞ்சவேண்டியது, அவ்வெண்களைக் கொண்டு யாரைக் காத்தோம், யாரைக் கைவிட்டோம் என்பதற்கே.

முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

ரேஞ்சர் வகை ஓர் இலக்கியப் பாத்திரத்திலிருந்து விதியாக மாறியது. அப்பாத்திரத்தின் நிலமறிவும் பகையறிவும் குறிப்பிட்ட கதையைச் சார்ந்தவை. ஆதலால் அவற்றைப் பொதுவிதியாக்குவதில் தொடர்ந்து இடர்ப்பாடு இருந்துவந்தது.

‘பால்டர்ஸ் கேட் 3’ நிபந்தனைக்குட்பட்ட அறிவை நிலையான பயன்களாக மாற்றி அவ்விடர்ப்பாட்டை நீக்கியது. அதனால் பாத்திரத்தின் தனித்தன்மை ஓரளவு மங்கியது.

நீங்கிய நிலமறிவு, உயரமும் தாழ்வும் குறியைப் பாதிக்கும் விதியின் வழியாக ஆடுநரின் பார்வைக்கு இடம்பெயர்ந்தது. ஷார்ப்ஷூட்டர் பற்றிய கணக்கு இதனை உறுதிசெய்கிறது.

பாத்திர உருவாக்கத்தைச் சேதத்தால் மட்டும் அளந்தால் விவேகமும் விலங்குமொழியும் பயனற்றவையாகும். கதையால் அளந்தால் அவையே ரேஞ்சரை ரேஞ்சராக்குகின்றன.

ஆடுநர் நிரப்பும் எண் அட்டவணையும் ஒரு பனுவலே. அதைப் படிக்கும் முறையறிந்தால், பாத்திரப் படைப்புப் பற்றிய இலக்கிய ஆய்வு விளையாட்டுகளின் பக்கமும் விரிவடையும்.